கட்டு பழையது, கீழே வீடு புதிது

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊர்க்குளம் சின்னது. கட்டு பத்தடி, பாய்வது அறுபது ஏக்கர். பார்க்க வந்த பொறியியலாளர் ஒருவர் இது ‘உயர் அபாய வகை’ என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. என் வீடு கட்டுக்குக் கீழே. மாரிக்கு முன் எழும்பிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். அவர் அப்படிச் சொன்னது உங்கள் வீட்டைப் பார்த்துத்தான்.

அபாய வகை என்பது, கட்டு உடைந்தால் கீழே என்ன போகும் என்ற கணக்கு. வயல் மட்டும் என்றால் தாழ்ந்த வகை. றோட்டும் பாலமும் போகும் என்றால் நடுவகை. உயிர் போகக்கூடும் என்றால் உயர்வகை. உடையுமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் வெள்ளம் மறிக்கவென்று 1940களின் கடைசியிலிருந்து 11,000க்கு மேல் சிறு அணைகள் கட்டினார்கள், பெரும்பாலும் மண்ணால். வயலுக்கு மேலே தாழ்ந்த வகையாகக் கட்டிய பலவற்றின் கீழே பிறகு வீடுகள் வந்தன, வகையும் ஏறிவிட்டது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் நான் காண்பதும் இதுதான். வகை ஏறினால், குளம் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழியான வான் இன்னும் பெரிய மழைக்குத் தாங்க வேண்டும், கட்டை அடிக்கடி பார்க்கவும் வேண்டும்.

சின்னக் கட்டுத்தானே என்று இருந்துவிடவும் முடியாது. 1977 நவம்பரில் ஜோர்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற சிறு மண் அணை நடுச்சாமம் கழிந்து உடைந்து 39 பேர் போனார்கள்.

வெடிப்பு இல்லை என்கிறீர்கள், சரி. குளம் நிறைந்ததும் கட்டின் வெளிப்பக்க அடிக்குப் போங்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசின் குழாய் வெளிவரும் இடத்தைச் சுற்றிக் காலால் மிதித்துப் பாருங்கள். கசிவு எந்த மண்கட்டிலும் இருக்கும், அதன் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கட்டு உள்ளுக்குள் அரிபடுகிறது. அந்த வாயைக் களிமண்ணால் அடைக்க யாராவது ஓடி வருவார், விடாதீர்கள். அடைத்த தண்ணீர் பக்கத்தில் வேறு வழி பார்க்கும். பருமணலும் அதன்மேல் சல்லியும் போட்டால் தண்ணீர் போகும், மண் நிற்கும். அதோடு நிற்காமல் அன்றைக்கே அறிவியுங்கள்.

கறையான் புற்று, உடும்பு வளை, உழவு மெஷின் ஏறி இறங்கிய பள்ளம் எல்லாம் கோடையிலேயே பார்க்க வேண்டியவை. பள்ளம் ஓரடி என்றால் உங்கள் பத்தடிக் கட்டு அந்த இடத்தில் ஒன்பதடிதான். வெள்ளம் அங்கேதான் ஏறிப் பாயும்.

வானில் மண்மூட்டை அடுக்கி ஓரடி கூடத் தேக்குகிற பழக்கம் உங்கள் ஊரில் உண்டா? கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் சேர்க்கும் ஆசை. இதற்காக என் மச்சானோடு ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். வான் மட்டத்துக்கு மேலே கட்டில் விட்டிருக்கும் உயரம் பெருமழைக்கென்று வைத்தது. அதில் கை வைக்காதீர்கள்.

200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் என்பதால் உங்களுடையது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். கமக்காரர் அமைப்பு மூலம் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடும் மழை இரவில் கட்டுப் பார்க்கப் போவது யார், கோயில் மணி அடிப்பது யார், எந்த மேட்டுக்கு ஏறுவது என்று ஐப்பசிக்குள் பேசி முடியுங்கள். கோயில் திறப்பு ஐயரிடம் மட்டும் இருந்தால் இன்னொன்று வெட்டி உங்கள் வீட்டில் வையுங்கள்.