பழைய ஆர்கேட் ஸ்டிக்குக்கு ஒயர் மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது சேகா மெகா டிரைவ் கேம் கன்சோலின் ஸ்டிக். இடது பக்கம் தள்ளினால் சில நேரம் போகும், சில நேரம் போகாது. ஒயரை அசைத்தால் சரியாகிவிடுகிறது. முழு கேபிளையும் மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நான் பிரித்துப் பார்த்த ஸ்டிக்குகளில் பெரும்பாலும் ஒயர் அறுந்திருந்த இடம் ஒன்றுதான்: பெட்டியை விட்டுக் கேபிள் வெளியே வரும் அந்த இரண்டு மூன்று அங்குலம். அங்கேதான் தினமும் மடங்கி நிமிர்கிறது. வெளித்தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும்.

மெகா டிரைவ் பிளக்கின் பின்களில் (ஊசிகளில்) 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது. மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை 3ஆம் பின்னிலும் மறு முனையை உள்ளே போர்டில் அந்த ஒயர் சேரும் இடத்திலும் பிடித்துக்கொண்டு கேபிளை மெல்ல அசையுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் ஒயர்தான். விடாமல் வந்தால் கேபிளில் குறை இல்லை, இடது ஸ்விட்சைக் கவனியுங்கள். ஒயர்தான் என்று தெரிந்தால் கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் திரும்ப ஈயம் வையுங்கள். நீளத்தில் நான்கு அங்குலம் குறையும், அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டால், யாராவது இழுத்தாலும் இழுவை ஈயத்துக்குப் போகாது.

இன்னொன்று. A பட்டனும் ஸ்டார்ட்டும் ஒன்றாகத் தகராறு செய்து, B, C மட்டும் ஒழுங்காக இருந்தால் 7ஆம் பின்னை முதலில் பாருங்கள். மூன்று பட்டன் ஸ்டிக்கில் B-யும் A-யும் 6ஆம் பின்னைப் பகிர்ந்துகொள்கின்றன, C-யும் ஸ்டார்ட்டும் 9ஆம் பின்னை. இப்போது எதைப் படிக்கிறேன் என்று கன்சோல் சொல்வது 7 வழியாகத்தான்.

கேள்வி: நிண்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலுக்கான பேடின் (கையில் பிடித்து விளையாடும் கருவி) போர்டையே உள்ளே வைத்துக் கட்டிய ஸ்டிக் ஒன்று கிடைத்தது. ஒயர் நிற அட்டவணையில் பழுப்பு கிரவுண்ட், வெள்ளை 5 வோல்ட் என்று போட்டிருக்கிறது. என்னுடையதில் பழுப்பு நிறமே இல்லை. எதை நம்புவது?

நிறத்தை நம்பாதீர்கள். அசல் பேடுக்கு அந்த அட்டவணை பொருந்தும். மாற்றுக் கேபிள் செய்தவர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள்.

என்இஎஸ் பேடில் வேலை செய்யும் ஒயர்கள் ஐந்துதான்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. எட்டுப் பட்டன்களுக்கு எப்படி ஐந்து ஒயர் போதும்? உள்ளே 4021 என்று ஒரு சிப் இருக்கிறது. லாட்ச் வந்ததும் எட்டுப் பட்டன்களின் நிலையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒன்றொன்றாக டேட்டா ஒயரில் அனுப்பும்.

ஆகவே சிப்பிலிருந்தே தொடங்குங்கள். 4021-இல் 16ஆம் கால் 5 வோல்ட், 8ஆம் கால் கிரவுண்ட், 9 லாட்ச், 10 கிளாக், 3 டேட்டா. எந்த நிற ஒயர் எந்தக் காலுக்குப் போகிறது என்று பீப் வைத்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கள். பிளக் பக்கமும் அப்படியே. லாட்சும் கிளாக்கும் இடம் மாறினால் பட்டன் வேலை செய்யாது, திருத்திக்கொள்ளலாம். 5 வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் சிப் போய்விடும். அந்த இரண்டை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

கேள்வி: அடாரி, கமடோர் 64 கம்ப்யூட்டர், மெகா டிரைவ், எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர் எல்லாமே 9 பின் தானே சார்? ஒரே ஸ்டிக்கை எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிச் செருகலாமா?

கூடாது. பழைய ஸ்டிக்குகளில் நான் மிகவும் பயப்படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1977-இல் அடாரி 2600 இந்த 9 பின் பிளக்கோடு வந்தது. பிறகு பல நிறுவனங்கள் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. வடிவம்தான் ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. அடாரியிலும் கமடோர் 64-லும் 5 வோல்ட் 7ஆம் பின்னில், கிரவுண்ட் 8-இல். மெகா டிரைவில் கிரவுண்ட் அதே 8, ஆனால் 5 வோல்ட் 5ஆம் பின்னுக்குப் போய்விட்டது, 7 தேர்வு ஒயர் ஆகிவிட்டது. எம்எஸ்எக்ஸில் 5 வோல்ட் 5-இல் இருந்தாலும் கிரவுண்ட் 9-இல்.

அடாரி ஸ்டிக் வெறும் ஸ்விட்சுகளின் கூட்டம். தள்ளினால் அந்த ஒயர் கிரவுண்டைத் தொடும், வேறொன்றும் கிடையாது. மெகா டிரைவ் ஸ்டிக்குக்குள் சிப் இருக்கிறது, அது தன் ஒயர்களில் தானே மின்னழுத்தத்தைத் தள்ளும். அதைக் கமடோர் 64-இல் நேராகச் செருகினால், விசைப்பலகையையும் ஜாய்ஸ்டிக்கையும் ஒரே ஒயர்களில் படிக்கும் அதன் சிஐஏ சிப்போடு மோதும். உடனே புகை வராது என்பதால் பலர் துணிந்து செய்கிறார்கள். அந்தச் சிப் இப்போது புதிதாக யாரும் செய்வதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். இடையில் அதற்கென்றே உள்ள அடாப்டர் இல்லாமல் செருகாதீர்கள்.

நம் ஊர்களில் கேசட் போட்டு விளையாடிய ‘டிவி கேம்’ பலவற்றிலும் இதே 9 பின் பிளக் உண்டு. அவை ஃபேமிகாமின் (என்இஎஸ்-இன் ஜப்பானிய வடிவம்) நகல்கள். பார்க்க மெகா டிரைவ் மாதிரி இருக்கும், உள்ளே லாட்ச், கிளாக், டேட்டா. அதன் பேடை மெகா டிரைவிலோ, மெகா டிரைவ் ஸ்டிக்கை அதிலோ செருக வேண்டாம்.

கேள்வி: மெகா டிரைவ் ஸ்டிக்குக்கு நீட்டிப்புக் கேபிளாக, கம்ப்யூட்டரின் பழைய 9 பின் சீரியல் கேபிளைப் பயன்படுத்தலாமா?

1-லிருந்து 1, 2-லிருந்து 2 என்று 9 வரை நேராகப் போனால் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ‘நல் மோடம்’ (null modem) வகையில் 2-உம் 3-உம் குறுக்கே மாறியிருக்கும். அதைப் போட்டால் கீழும் இடதும் இடம் மாறுவது மட்டுமில்லை, மற்ற பின்களும் குழம்பும். சரியான கேபிள் கிடைத்தாலும் பிளக்கின் பக்கத்துத் திருகுக் காதுகள் கன்சோலின் குழிக்குள் நுழையாது. வெட்டியோ அராவியோ எடுக்க வேண்டும்.

கேள்வி: நியோ ஜியோ ஏஇஎஸ் கன்சோலின் ஸ்டிக்கில் கேபிளைக் கழற்றி மாட்டும்படி, பெட்டியில் ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் செருகும்) சாக்கெட் வைக்க ஆசை. முடியுமா அண்ணே?

எண்ணிப் பாருங்கள். நான்கு திசை, A, B, C, D, ஸ்டார்ட், செலக்ட், ஆகப் பத்து. கிரவுண்ட் சேர்த்தால் பதினொன்று. ஏஇஎஸ் ஸ்டிக்கில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயர். ஆர்ஜே45-இல் எட்டுதான். முடியாது. பெட்டியிலேயே ஒரு 15 பின் டி வகை சாக்கெட் வைத்துவிடுங்கள், அதுவே அழகு.

ஆனால் கம்ப்யூட்டரின் பழைய ஜாய்ஸ்டிக் போர்ட்டுக்கான 15 பின் கேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அந்தப் போர்ட்டில் 1, 8, 9, 15 எல்லாம் 5 வோல்ட், 4, 5, 12 எல்லாம் கிரவுண்ட். கேபிளுக்குள் இவை ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால் விபரீதம்: ஏஇஎஸ்-இல் 1 கிரவுண்ட், 8 ஐந்து வோல்ட், நேரடி ஷார்ட். 4, 5, 12 என்பவை D, B, C. ஒன்றை அழுத்தினால் மூன்றும் விழும். பதினைந்து பின்னும் தனித்தனியா என்று பீப் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.

ஆர்ஜே45 பிளேஸ்டேஷன் ஸ்டிக்குக்குச் சரிவரும். பேடை அதிரச் செய்யும் மோட்டாருக்கான 7.6 வோல்ட் ஒயர் ஸ்டிக்குக்குத் தேவையில்லை. அதை விட்டால் டேட்டா, கமாண்ட், கிரவுண்ட், 3.3 வோல்ட், அட்டென்ஷன், கிளாக், அக்னாலெட்ஜ் என ஏழே ஒயர். சாக்கெட் வைத்தால் பெட்டியின் மேலேயே ‘நெட்வொர்க் அல்ல’ என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டில் யாராவது ரவுட்டர் கேபிளைச் செருகிவிடுவார்கள். கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் நெட்வொர்க் ஸ்விட்சாக இருந்தால் 48 வோல்ட் பாயும் ஆபத்து உண்டு.

கேள்வி: சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோல் ஸ்டிக்கின் பிளக்கை வெட்டி பிளேஸ்டேஷன் பிளக் வைத்தால் ஓடுமா?

ஓடாது. இரண்டும் பேசும் மொழியே வேறு. ஸ்டிக்குக்குள் இருக்கும் போர்டு டிரீம்காஸ்டின் மேப்பிள் பஸ் என்ற இணைப்பு முறையில் மட்டும்தான் பேசும். அசல் போர்டைக் கழற்றிக் கவரில் போட்டு வைத்துவிட்டு, ஸ்விட்சுகளின் ஒயர்களைப் புதுப் போர்டுக்குக் கொடுங்கள். அல்லது இடையில் கன்வெர்ட்டர் வையுங்கள்.

கேள்வி: என்ன ஒயர் வாங்குவது?

பல இழை ஒயர், 26 அல்லது 28 கேஜ். சுவருக்குள் ஓட்டும் லேன் கேபிள் ஒற்றைக் கம்பி, நாலு முறை மடங்கினால் ஒடிந்துவிடும். என் வழக்கம், அந்தந்தக் கன்சோலுக்கு விற்கும் நீட்டிப்புக் கேபிளை வாங்கி ஒரு முனையை வெட்டிக்கொள்வது. வார்த்த பிளக் கையோடு கிடைத்துவிடும். சிலவற்றில் செம்போடு நூலும் கலந்திருக்கும். நூலை நறுக்கிவிட்டு ஈயம் வையுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காது.

கேள்வி: கேபிள் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. துடைத்தும் போகவில்லை.

பிவிசியை வளையவைக்கக் கலந்த எண்ணெய் வெளியே வருகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் சில மாதம் தாங்கும், பிறகு மறுபடி வரும். கேபிளை ஸ்டிக்கின் மேலே சுற்றி மட்டும் வைக்காதீர்கள். அதே எண்ணெய் பெட்டியின் பிளாஸ்டிக்கை இளக்கி, சுற்றிய தடத்தை அப்படியே பதித்துவிடும். அந்தத் தடத்தை எதனாலும் எடுக்க முடியவில்லை, என் பெட்டி ஒன்றில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: அண்ணன் விட்டுச்சென்ற ஸ்டிக். கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, நீளம் மட்டும் போதவில்லை. வெட்டி நீட்டிக்கொள்ளவா?

வேண்டாம். ஒரு நீட்டிப்புக் கேபிள் வாங்கிச் செருகுங்கள். நடுவில் ஒட்டுப் போட்டால் அந்த இடம்தான் முதலில் போகும். வேலை செய்யும் அசல் பிளக்கை வெட்ட எனக்கு மனசு வராது. அண்ணன் கைபட்டது என்கிறீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.