செல்கள் வளரவில்லை என்றால் தவறு என் கையில்தானா?

கேள்வி: அதே செல், அதே மீடியம், அதே இன்குபேட்டர். போன மாதம் வரை நன்றாக வளர்ந்தவை இப்போது ஃபிளாஸ்க்கில் ஒழுங்காக ஒட்டுவதே இல்லை. "உன் கை சரியில்லை" என்கிறார் கைடு. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கைடு சொன்ன அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் ஆய்வகத்துக்குப் புதியவர், அங்கே எல்லோரையும் விட இளையவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"அதே மீடியம்" என்கிறீர்கள். செல்களுக்கு உணவாகும் அந்தக் கரைசலின் பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயர் அதேதான், சரி. அதில் சேர்க்கும் சீரம், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்? விலங்குச் செல்லுக்கு எந்தெந்த அமினோ அமிலமும் வைட்டமினும் இல்லாமல் முடியாது என்பதை ஹாரி ஈகிள் 1950களில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். 1959இல் வந்த அவருடைய எம்.இ.எம். என்ற மீடியம், அதன் வழியில் வந்த டி.எம்.இ.எம். இவற்றில் உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம் எல்லாவற்றுக்கும் மில்லிகிராம் வரை கணக்கு உண்டு. ஆனால் ஈகிளுக்கே அந்தக் கலவையோடு கொஞ்சம் சீரம் தேவைப்பட்டது. நாம் இன்றும் 10 சதவீதம் கன்றுக்கரு சீரம் ஊற்றுகிறோம். வளர்ச்சிக் காரணிகள், ஹார்மோன்கள், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், செல் அடிப்பரப்பில் பற்றிக்கொள்ள உதவும் புரதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எது எவ்வளவு என்பது லாட்டுக்கு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குத் தொகுதி, மாறும்.

எனக்கு நடந்ததும் இதுதான். சீரம் தீர்ந்து புது லாட் வந்தது. செல்கள் ஒட்டின, ஆனால் பரவவில்லை. உள்ளே குருணை குருணையாகத் தெரிந்தது, பிறகு கழன்று மிதக்க ஆரம்பித்தன. என் கைடும் இதே வார்த்தையைத்தான் சொன்னார், அதுவும் குழுக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும். சீனியர் ஒருவருடைய செல்கள் மட்டும் அருமையாக வளர்ந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரிடம் பழைய லாட் சீரம் ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது. அதில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். ஒரே ஃபிளாஸ்க்கின் செல்களை இரண்டாகப் பிரித்தேன். ஒரே மீடியம், ஒரே நாள், ஒரே கை. ஒன்றில் பழைய சீரம், மற்றதில் புதிது. பழையதில் இருந்தவை தட்டை மூடி வளர்ந்தன. புதியதில் இருந்தவை உருண்டு கிடந்தன. இரண்டு தட்டையும் கைடின் மேசைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். லாட்டை மாற்றச் சொன்னார். கூட்டத்தில் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

"மைக்கோபிளாஸ்மாவாக இருந்திருக்கும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நியாயமான சந்தேகம்தான். செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியா அது. மீடியத்தைக் கலங்க வைக்காது, செல் சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் அடங்காது. நாங்கள் பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்தோம், இல்லை. இருந்திருந்தால் ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து பிரித்த இரண்டு பாதியும்தானே வாடியிருக்கும்? "சீரமே இல்லாத மீடியத்துக்கு மாறுங்கள்" என்றும் சொல்வார்கள். மாறலாம், நல்லதும்கூட. ஆனால் சீரத்தைப் படிப்படியாகக் குறைத்துச் செல்களைப் பழக்க வேண்டும். உங்கள் இப்போதைய அவசரத்துக்கு அது உதவாது. கை நுட்பமே முக்கியமில்லை என்றும் நான் சொல்லவில்லை. ஒட்டிய செல்களைக் கழற்ற ஊற்றும் டிரிப்சினில் அதிக நேரம் விட்டால் எந்தச் செல்லும் பாழாகும். கையைக் குறை சொல்வதற்கு முன்னால் பாட்டிலைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சீரம் மாறவில்லை என்றால் அடுத்து குளூட்டமின் என்ற அமினோ அமிலம். மீடியத்தில் அது தானாகவே சிதைந்து அமோனியாவை விடும். குளிர்பெட்டியில் மெதுவாக, 37 டிகிரியில் வேகமாக. திறந்து வாரக்கணக்கான பாட்டிலை நம்பாதீர்கள். வெளிச்சத்திலும் வைக்காதீர்கள், மீடியத்தில் உள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின்மேல் ஒளிபட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். மீடியத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட் ஊதாச் சாயலுக்குப் போயிருந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறிவிட்டது என்று அர்த்தம்.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆய்வகங்களில் மீடியம் கலந்து, வடிகட்டி, தேதி எழுதி அடுக்குபவர் ஒரு டெக்னீஷியன். லாட் மாறியதை முதலில் கவனிப்பவரும் அவர்தான். நான் பார்த்த கட்டுரைகளில் நன்றி சொல்லும் பத்தியில்கூட அவர்கள் பெயர் வருவது அபூர்வம். கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. எங்கள் ஆய்வகத்தில் அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

நீங்களும் முதலில் அவரிடம் போய் சீரம் எப்போது மாறியது என்று கேளுங்கள். பழைய லாட் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். செல்களை நெருக்கமாகப் போடாதீர்கள். நெருக்கமாக இருந்தால் மட்டமான சீரத்திலும் சமாளித்துக்கொள்ளும். வளர்ப்புத் தட்டின் ஒரு குழிக்குச் சில நூறு செல்கள் என்று மெல்லிசாக விதைத்து, காலனிகளை, அதாவது ஒவ்வொரு செல்லிலிருந்தும் பெருகிய கூட்டங்களை, எண்ணுங்கள். பழைய லாட் துளியும் இல்லையென்றால், பக்கத்து ஆய்வகத்தில் அதே செல் வளர்ப்பவரிடம் ஒரு சிறு குழாய் சீரம் கேட்டு வாங்கி அதையே ஒப்பீட்டுக்கு வையுங்கள். எண்ணிக்கையை எழுதி, இரண்டு லாட் எண்களோடு கைடிடம் கொடுங்கள்.