சாதாரணமாத்தான் கேட்டேன், அவங்களுக்கு ஏன் திட்டுற மாதிரி இருக்கு?

கேள்வி: திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா (பையர், அதாவது துணி வாங்குற கம்பெனியோட ஆர்டர ஃபாலோ பண்ற வேலை) இருக்கேன். துணி தைக்கிற யூனிட்டோட மெசேஜ் குரூப்ல "ஏன் சாம்பிள் இன்னும் வரல?"ன்னு போட்டா மேடம் கோவமா இருக்காங்கன்னு பேசிக்கிறாங்களாம், நேர்ல எல்லாரும் நல்லாத்தான் பழகுறாங்க. இதுல என் மேனேஜர் "ஓகே."ன்னு மட்டும் ரிப்ளை பண்ணா எனக்கு அன்னிக்கு பூரா வேலையே ஓடாது. என்ன பண்றது?

பதில்: ரெண்டும் ஒரே பிரச்சனைதாங்க. ஒண்ணுல நீங்க அனுப்புறவங்க, இன்னொண்ணுல வாங்குறவங்க.

நேர்ல நீங்க "ஏனுங்ணா, சாம்பிள் இன்னும் வர்லீங்களா?"ன்னு இழுத்து கேட்டிருப்பீங்க. டைப் பண்ணும்போதும் அந்த இழுவை உங்க மண்டைக்குள்ள ஓடிட்டுதான் இருக்கும், ஆனா ஸ்க்ரீன்ல போய் சேர்றது வெறும் "ஏன் வரல" மட்டும்தான். 2005ல அமெரிக்காவுல ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லின்னு உளவியல் ஆராய்ச்சியாளருங்க எல்லாம் சேர்ந்து இத சோதிச்சு பாத்தாங்க, சில வாக்கியத்த சீரியஸா சொல்றாங்களா நக்கலா சொல்றாங்களான்னு எதிர்ல இருக்குறவங்க கண்டுபிடிக்கணும். மெயில்ல அனுப்புனாலும் குரல்ல சொன்னாலும் கேக்குறவங்க 78% சரியா புரிஞ்சுக்குவாங்கன்னு வாக்கியத்த சொன்னவங்க நம்புனாங்க. குரல்ல 73 வந்துச்சு, மெயில்ல 56தான், காசு சுண்டிப் போட்டாலே 50 வருமே! தெரிஞ்ச ஃப்ரெண்டு படிச்சாலும் பெரிய வித்தியாசம் இல்ல, அதனால "நம்ம பசங்கதானே, புரிஞ்சுக்குவாங்க"ங்கிறத விட்டுடுங்க.

மொதல்ல அந்த "ஏன்"ன எடுங்க. "ஏன்"னு கேட்டா யூனிட்ல இருக்குறவர் காரணம் சொல்லி தப்பிக்கத்தான் பாப்பாரு, உங்களுக்கு வேண்டியது டைம். இப்படி போட்டு பாருங்க: "அண்ணா, சாம்பிள் எத்தன மணிக்கு கிடைக்கும்? பையருக்கு இன்னிக்கு கூரியர் போட்டாகணும். லேட்டாகும்னா இப்பவே சொல்லிடுங்க, நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்." அவசரம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டா அத கோவம்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க.

ஸ்மைலி போட்டா சரியாயிடுமான்னா, பாதிதான். 1982ல அமெரிக்காவுல கார்னெகி மெலன் யுனிவர்சிட்டில ஸ்காட் ஃபால்மன்ங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி அந்த சிரிப்பு குறிய சொன்னதே ஜோக்க சீரியஸா எடுத்துட்டு சண்ட போடக்கூடாதுன்னுதான், ஆனா லேட் பத்தி கேக்குற மெசேஜ்ல சிரிச்சா குத்திக்காட்டுற மாதிரி ஆயிடும். கட்டைவிரல் எமோஜில இன்னும் ஜாக்கிரதை, உங்க தொழிலுக்கு முக்கியமா. கனடாவுல சஸ்காட்சுவான்ல ஒரு விவசாயி ஆளிவிதை கான்ட்ராக்ட் போட்டோவுக்கு கட்டைவிரல் எமோஜி போட்டாரு, சரக்கு அனுப்பல, "கிடைச்சுது"ன்னு சொல்லத்தான் போட்டேன்னாரு, 2023ல கோர்ட் அத சம்மதம்னு எடுத்துக்கிட்டு சுமார் 82,000 கனடா டாலர் கட்ட சொல்லிடுச்சு. ரேட், குவான்டிட்டி வந்தா வார்த்தைல பதில் போடுங்க.

மேனேஜரோட "ஓகே."ல கடைசியா இருக்குற முற்றுப்புள்ளிக்கு வருவோம். ஒத்த வார்த்தை பதிலுக்கு பின்னாடி புள்ளி வச்சா மனசில்லாம சொன்ன மாதிரி தெரியுதுன்னு அமெரிக்காவுல பிங்ஹாம்டன் யுனிவர்சிட்டி ஆய்வே இருக்கு, அதே பதில் கையெழுத்துல இருந்தா அப்படி தோணலயாம். அவர் மெயில்லயே காலம் தள்ளுனவரா இருந்தா புள்ளி வெறும் பழக்கம், மத்தவங்களுக்கும் அப்படித்தான் போடுறாரான்னு பாருங்க. அப்பவும் உறுத்துனா "கோவமா சார்?"னு கேக்காதீங்க, "சார், கலர் ஓகேன்னா கட்டிங்குக்கு சொல்லிடவா?"ன்னு வேலைய கேளுங்க.

கடைசியா ஒண்ணு, எனக்கு இதுலதான் பெரிய சந்தேகம்: நீங்க கேக்குறது குரூப்ல. அம்பது பேர் பாக்குற இடத்துல எவ்வளவு பதமா கேட்டாலும் அந்த ஆளுக்கு அது திட்டுதான், லேட் ஆன விஷயத்த தனியா போடுங்க, ரெண்டாவது தடவை கேக்கணும்னா போனே பண்ணிடுங்க.