பாபின் லேஸ் கிரவுண்ட்: சேலம், ஏற்காடு வாசகர் கேள்விகள்

(பாபின் என்னும் சிறு குச்சிகளில் நூல் சுற்றி, குண்டூசி குத்திப் பின்னுவது பாபின் லேஸ். அதன் வலைபோன்ற பின்னணிதான் கிரவுண்ட். டார்ச்சான், பக்ஸ் பாயிண்ட் இரண்டும் லேஸ் வகைகள்.)

கேள்வி (அம்மாப்பேட்டை): டார்ச்சான் கிரவுண்டில் சில கண்கள் மட்டும் கோணலாக விழுகின்றன. ஏன்?

பதில்: பெரும்பாலும் ஒரு முறுக்கு விட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு குண்டூசிக்கும் இரண்டு ஜோடி பாபின், அதாவது நான்கு நூல். குறுக்கு, முறுக்கு, குண்டூசி, குறுக்கு, முறுக்கு, அவ்வளவுதான். குறுக்கில் நடு இரண்டு நூல்களில் இடது வலதின் மேல் போகும், முறுக்கில் ஒரு ஜோடிக்குள்ளேயே வலது இடதின் மேல். முறுக்கை இரண்டு ஜோடியிலும் போட வேண்டும். ஒன்றில் மறந்தால் அந்தக் கண் ஒரு பக்கம் இளிக்கும். முறுக்கு சரியாக இருந்தும் கோணினால், குண்டூசியைச் சீக்கிரம் பிடுங்குகிறீர்கள். கடைசி ஐந்தாறு செ.மீ. பின்னலில் கை வைக்காதீர்கள்.

கேள்வி (குகை): ரோஸ் கிரவுண்டில் (பூப்பூவாக வரும் கிரவுண்ட்) ஒரு பூ நன்றாக வருகிறது, அடுத்தது ஒட்டமாட்டேன் என்கிறது.

பதில்: ஒரு பூவுக்கு நான்கு ஜோடி, நான்கு குண்டூசி. குறுக்கும் முறுக்கும் சேர்ந்தது ஓர் அரைப்பின்னல். முதலில் இடது இரண்டு ஜோடிக்கு ஓர் அரைப்பின்னல், வலது இரண்டுக்கும் ஒன்று. இரண்டுக்கும் குண்டூசி இல்லை. பிறகு நடு இரண்டு ஜோடியில் அரைப்பின்னல், குண்டூசி, அரைப்பின்னல். அதேபோல் இடது, வலது, மறுபடி நடு. முடிவில் இருபக்கமும் குண்டூசியில்லாத அரைப்பின்னல்.

சிக்கல் இந்தக் கடைசியில்தான். இந்தப் பூவின் கீழ் இடது மூலை, சரிவாகக் கீழே வரும் அடுத்த பூவின் மேல் வலது மூலையும்கூட. அதை ஒரே முறை போட வேண்டும். இரண்டு பூவுக்கும் தனித்தனியாகப் போட்டால் மூலை தடித்து, பூக்கள் விலகி நிற்கும். மூலை அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று விரும்பினால், அங்கே அரைப்பின்னலை இருமுறை போடலாம். ஆனால் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி.

கேள்வி (ஓமலூர்): டார்ச்சான் அட்டையிலேயே (குண்டூசிப் புள்ளிகள் குத்திய மாதிரி அட்டை) பக்ஸ் பாயிண்ட் கிரவுண்ட் போடலாமா?

பதில்: வேண்டாம். டார்ச்சான் புள்ளிகள் 45 பாகைச் சரிவு. பக்ஸ் பாயிண்டுக்கு அதைவிடச் செங்குத்தான சரிவு வேண்டும். ஒரு குறுக்கு, மூன்று முறுக்கு, குண்டூசி குத்தி, அதற்குப் பிறகு பின்னல் போட்டு மூடாமல் விட்டுவிடுவது அதன் முறை. 45 பாகையில் போட்டால் அறுகோணக் கண் விழாது.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): தறிக்கு வாங்கும் பருத்தி நூல் ஆகுமா?

பதில்: ஒற்றை இழை ஆகாது; பாபின் தொங்கும்போது முறுக்கு அவிழ்ந்து அறும். 2/80, 2/100 போன்ற இரட்டை இழையில் முயலலாம். அட்டையைப் பார்த்துத்தான் தடிமனை முடிவுசெய்ய வேண்டும். ஸ்கேல்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். டார்ச்சான் ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு குண்டூசிக்கு இடையிலுள்ள தூரத்தில் 10–12 சுற்று பிடித்தால் சரி. 16 பிடித்தால் நூல் மெலிது, கிரவுண்ட் கொசுவலைபோல் தொளதொளக்கும். அந்த நூலையே பயன்படுத்த வேண்டுமானால், அட்டையை 75% அளவுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தால் பொருந்திவிடும். பட்டு நூல் வழுக்கும், முதல் பாடத்துக்கு வேண்டாம்.

கேள்வி (ஏற்காடு): மழைக்காலத்தில் லேஸில் துருக்கறை.

பதில்: பித்தளைக் குண்டூசிக்கு மாறுங்கள். பித்தளைபோல் மின்னும் இரும்பும் விற்கிறது. காந்தத்தில் ஒட்டினால் வாங்க வேண்டாம்.