இல்லஸ்ட்ரேட்டருக்கு ஊர் சுற்றுவதால் வேலையில் உண்மையாகவே பயன் உண்டா?

"பெரிய நகரத்தில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கும் குழந்தைகள் புத்தகங்களுக்கும் படம் வரைகிறீர்கள். வேண்டிய ரெஃபரன்ஸ் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது, தினமும் வெளியே போய்ச் சுற்றுவது நேர விரயம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து வரையத் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விரயம் இல்லை. அது என் வேலையில் சேர்த்திதான். ஆனால் உத்வேகம் கிடைக்கும், மனம் லேசாகும் என்றெல்லாம் சொல்வார்களே, அதற்காக நான் போவதில்லை. பூங்காவில் நாலு சுற்று நடந்தால் கற்பனை ஊறும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நான் வெளியே போவது என் கையைத் திருத்திக்கொள்ள.

பல வருடம் வரைகிற கைக்குச் சில உருவங்கள் மனப்பாடம் ஆகிவிடும். மரம் என்றால் ஒரு மரம், தாத்தா என்றால் ஒரு தாத்தா, கூட்டம் என்றால் வரிசையாகச் சில முட்டைத் தலைகள். "பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் மனிதர்கள்" என்று எடிட்டரிடமிருந்து குறிப்பு வந்தால், நாம் யோசிப்பதற்குள் கை வரைந்து முடித்திருக்கும். சம இடைவெளி விட்டு ஐந்து பேர், எல்லோரும் சாலையைப் பார்த்தபடி, ஒருவர் கையில் பை. தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசகரின் கண் அந்தப் படத்தில் நிற்கவே நிற்காது. அது எந்த நகரத்து நிறுத்தமும் இல்லை, எந்த நாளும் இல்லை.

வெயில் நாளில் ஒரு நிறுத்தத்துக்கு எதிரே நின்று பாருங்கள். நிழற்குடை நிரம்பிவிட்டால், மிச்சப் பேர் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். அந்த நிழல் ஒரு சாண் அகலம்தான் இருக்கும். உடம்பு முழுக்க வெயிலில் இருந்தாலும் பரவாயில்லை, தலையை மட்டுமாவது அதற்குள் வைத்துக்கொள்வார்கள். நேரம் ஆக ஆக நிழல் நகரும். யாரும் சொல்லாமலே வரிசையும் கூடவே நகரும். யாரும் நேராகச் சாலையைப் பார்ப்பதில்லை. பேருந்து வருகிற திசையைத்தான் பார்ப்பார்கள். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து நமக்குப் பக்கவாட்டு முகங்கள்தான் கிடைக்கும். யாராவது ஒருவர் மட்டும் நடைபாதையை விட்டு ஓரடி கீழே இறங்கி எட்டிப் பார்ப்பார். அவர் இறங்கியதும் இன்னும் இரண்டு பேர் இறங்குவார்கள். இதை எந்த மேசையில் உட்கார்ந்தும் என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பழைய ஐந்து பேரை வரையக் கை தானாகவே தயங்கும். அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டியது.

"சரி, ஃபோட்டோ எடுத்து வந்து வரைந்தால் போதாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். நானும் எடுப்பேன். ஒரு வண்டியின் பிரேக் எங்கே இருக்கிறது, ஜன்னல் கம்பி எத்தனை என்பதற்கெல்லாம் அது போதும். ஆனால் கைபேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் அகலக் கோணம். அதன் குவியத் தூரம் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரை வரும்; இந்த எண் சிறுக்கச் சிறுக்கக் காட்சி அகலும். அதில் முன்னால் நிற்கிற ஸ்கூட்டர் பெரிதாகத் தெரியும், தெருக்கோடியில் நம் கண்ணுக்கு ஓங்கி நிற்கிற கட்டடம் சிறுத்துப்போகும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடங்கள் எல்லாம் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். கண் நிழலுக்குள்ளேயும் நீலம், ஊதா என்று பிரித்துப் பார்க்கும். வெயிலுக்குத் தக்கபடி எடுத்த ஃபோட்டோவில் நிழல் வெறும் கறுப்பாக இருக்கும். ஃபோட்டோவை மட்டும் பார்த்து வரைபவர்களின் படங்களில் இந்த மூன்றும் அப்படியே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், ஃபோட்டோ எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வரையும்போது அரை நிமிடத்துக்குள் எதை விடுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். இல்லஸ்ட்ரேஷன் என்கிற வேலையே அந்த முடிவுதான்.

வெளியே நின்று வரையும்போது சில விஷயங்கள் வேகமாகப் பிடிபடும். நிற்கிறவரை முகத்திலிருந்து தொடங்காதீர்கள். கழுத்துக் குழியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இறக்குங்கள். ஒற்றைக் காலில் எடையைப் போட்டு நிற்கிறவர் என்றால், அந்தக் கோடு அந்தக் காலின் பாதத்தில் போய் விழும். அதே பக்கத்து இடுப்பு மேலே ஏறியிருக்கும், தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். இந்த மூன்று கோடும் சரியாக இருந்தால் முகமே இல்லாவிட்டாலும் ஆள் நிற்பார். தவறாக இருந்தால் எவ்வளவு அழகாக முகம் வரைந்தாலும் விழப்போகிறவர் மாதிரியே இருப்பார்.

கூட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சமதளத்தில் நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரத்தை ஒட்டியவர்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் எல்லாத் தலைகளும் ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டில் வரும். தள்ளிப் போகப் போகப் பாதம்தான் மேலே ஏறும். நீங்கள் உட்கார்ந்துவிட்டால் கதை மாறிவிடும். கண்மட்டக் கோடு நிற்பவர்களின் நெஞ்சுக்குக் கீழே போகும், பக்கத்தில் இருப்பவரின் தலை தாளின் உச்சிக்கு ஏறிவிடும். இன்னும் கீழே, படிக்கட்டில் இறங்கி உட்கார்ந்தால், ஐந்து வயதுக் குழந்தை பார்க்கிற நகரம் கிடைக்கும்: இடுப்புகள், தொங்கும் பைகள், கோத்துக்கொண்ட விரல்கள், இடையிடையே தெரியும் சாலை. குழந்தைகள் புத்தகம் வரைகிற எல்லோரையும் அங்கே ஒருநாள் உட்காரச் சொல்வேன். பெரியவர்களின் கண்மட்டத்தில் வரைந்துவிட்டு அதில் ஒரு குழந்தையைச் சேர்ப்பதும், குழந்தையின் கண்மட்டத்திலேயே வரைவதும் முற்றிலும் வேறு வேறு படங்கள்.

அப்புறம் நினைவு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒராஸ் லெகாக் த புவாபோத்ரான் என்று ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்து, அது எதிரில் இல்லாமல் நினைவிலிருந்தே வரைய மாணவர்களைப் பழக்கினார். திறந்தவெளிக்குக் கூட்டிப்போய், நடமாடும் மனிதர்களைக் கவனித்துவிட்டுப் பிறகு வரையவும் சொன்னார். சிற்பி ரோடான் அவரிடம் படித்தவர். அதே பாரிஸில் கான்ஸ்தாந்தேன் கீஸ் என்கிற இல்லஸ்ட்ரேட்டர் இருந்தார். லண்டனிலிருந்து வந்த படப் பத்திரிகை ஒன்றுக்காகக் கிரைமியப் போரை வரைந்து அனுப்பியவர். பகலெல்லாம் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிட்டு, ஊர் தூங்கும் நேரத்தில் மேசையில் குனிந்து பார்த்ததையெல்லாம் வரைவார் என்று கவிஞர் போதலேர் 1863-இல் வெளியான கட்டுரையில் எழுதியிருக்கிறார். என் வேலை முறையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளியே வரைவது பாதி. திரும்பி வந்ததும் ஸ்கெட்ச் புக்கைத் திறக்காமல், பார்த்ததில் ஒன்றை நினைவிலிருந்து வரைவது மீதி. எது மறந்துபோனதோ அதுதான் அடுத்த முறை பார்க்க வேண்டியது. ரயிலில் மேலே கைப்பிடியைப் பிடித்திருந்தவரின் மணிக்கட்டு எந்தப் பக்கம் மடங்கியிருந்தது என்று நினைவில்லையா? அடுத்த பயணத்தில் அதை மட்டும் பாருங்கள்.

இதெல்லாம் வேலைக்குள் எப்படி வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு சிறுகதைக்குப் படம் கேட்டிருந்தார்கள்: மழை நாள் மாலை, அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் பெண். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது குடை பிடித்து நடக்கும் பெண், சாய்ந்து விழும் மழைக் கோடுகள். ரஃப் (முதல் மாதிரிப் படம்) போடுவதற்கு முன் பழைய ஸ்கெட்ச் புக்குகளைப் புரட்டினேன். மழை நாளில் ரயிலுக்குள் வரைந்த பக்கம் ஒன்று இருந்தது. மடக்கிய குடையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். குடை நுனியிலிருந்து சொட்டிய நீர் தரையில் சிறு குட்டையாகத் தேங்கியிருக்கிறது. அவ்வளவு நெரிசலிலும் மற்றவர்களின் காலணிகள் அந்தக் குட்டையைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு நிற்கின்றன. அந்த வட்டத்தைத்தான் கதைக்கு வரைந்தேன். படத்தில் மழையே இல்லை. கதையில் அவள் யாருடனும் பேசாமல் வருகிறாள். அந்த வட்டத்தில் அவள் தனியாக நிற்பது அதற்குப் பொருந்தியது. எடிட்டர் ஒரு திருத்தமும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை வரைந்த நாளில் அது எதற்கும் பயன்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பயன் கருதி மட்டும் வெளியே போனால் குடை பிடித்த பெண்களைத்தான் தேடியிருப்பேன்.

இரவிலும் போங்கள். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஏறக்குறைய ஒரே பழுப்பாகத் தெரியும். பக்கத்துத் தெருவில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்திருந்தால் அங்கே நிறங்கள் திரும்ப வந்துவிடும். ஒரே ஆள் முனை திரும்பியதும் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். நனைந்த சாலையில் விளக்கின் பிரதிபலிப்பு எப்போதும் பார்ப்பவரை நோக்கி நீளும். தாளில் அது விளக்குக்கு நேர் கீழே செங்குத்தாக இறங்க வேண்டும், சாய்வாக இல்லை. இணையத்தில் இரவுப் படங்கள் எவ்வளவோ கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நீலமும் ஆரஞ்சும் பூசப்பட்டிருக்கும்.

எங்கே போவது என்று தனியாகத் திட்டம் வேண்டாம். மருந்து வாங்கப் போவது, வங்கிக்குப் போவது, யாரையாவது ரயில் ஏற்றிவிடப் போவது எல்லாமே போதும். காத்திருக்கிற இடங்கள்தான் மிகச் சிறந்தவை. காத்திருக்கிறவர் நகர்ந்தாலும் சற்று நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பி வருவார். அதனால் ஒரே பக்கத்தில் நாலைந்து பேரைத் தொடங்கிவிட்டு, யார் பழைய நிலைக்கு வருகிறாரோ அவரைத் தொடரலாம். நூலகத்தில் குழந்தைகள் பகுதி எனக்கு மிகவும் பிடித்த இடம். குழந்தைகள் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து படிப்பதே அபூர்வம். குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஆட்டிக்கொண்டு, புத்தகத்தை மூக்குக்கு முன்னால் வைத்துக்கொள்வார்கள். அவர்களை முதுகுப் பக்கத்திலிருந்து மட்டும் வரைவேன், முகம் வேண்டாம். பொதுவாகவே தெரியாதவர்களின் முகச் சாயலை அச்சுக்குப் போகும் படத்தில் நான் வைப்பதில்லை. நிற்கிற விதம் போதும், முகம் அவருடையது. யாராவது கவனித்துவிட்டால் பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் சிரிப்பார்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள்.

பொருட்கள் குறைவாக இருக்கட்டும். ஜெர்மனிய ஓவியர் அடால்ஃப் மென்ஸல் (1815–1905) ஸ்கெட்ச் புக்குகளை வைப்பதற்கென்றே பல பைகள் வைத்த கோட்டு அணிந்து பெர்லினைச் சுற்றியவர். எதைப் பார்த்தாலும் உடனே வரைவார், அதுவும் இரண்டு கைகளாலும். நமக்கு ஒரு பை போதும். உள்ளங்கை அளவு நோட்டு, நீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனா ஒன்று. சாதாரண மைப் பேனாக்கள் பலவற்றில் தூரிகை பட்டதும் கோடு கரைந்து ஓடிவிடும். மேலே லேசாக வாட்டர்கலர் பூசுவதாக இருந்தால் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் தாங்கும், நீர் தாராளமாக விட 300 வேண்டும். டேப்லெட்டை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்வேன். வெயிலில் திரை தெரியாது என்பது ஒரு காரணம். அழிக்கவும் பின்வாங்கவும் பட்டன் இருப்பது அதைவிடப் பெரிய காரணம்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் துணை தேடிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் இணையத்தில் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்கிற ஓவியர் குழு இன்று உலகத்தின் பல நகரங்களில் கிளை விட்டிருக்கிறது. நேரில் பார்த்ததை அங்கேயே வரைவது என்பதுதான் அவர்களின் முதல் விதி. குழுவில் உட்கார்ந்து வரைந்துவிட்டுக் கடைசியில் எல்லா நோட்டுகளையும் தரையில் பரப்பிப் பார்ப்பார்கள். ஒரே தெருவில் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது எவ்வளவு என்று அப்போது தெரியும். தனியாகப் போவதானால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அருங்காட்சியகம் என்றால் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள்; பல அருங்காட்சியகங்களில் மைக்கு அனுமதி இல்லை.