சேகா மியூசிக்: எந்த பேலன்ஸ் சரியான பேலன்ஸ்?

கேள்வி: சேகா மெகா டிரைவ் கேம் மியூசிக்கை எமுலேட்டர்ல (பழைய மெஷின் மாதிரியே நடந்துக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்) ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணி சேத்து வைக்கிறேன் சார். ஒரே பாட்டு ஒரு எமுலேட்டர்ல கீச்சுன்னு காதைக் குத்துது, இன்னொண்ணுல அந்த கீச்சே அமுங்கிப் போகுது. எதுதான் ஒரிஜினல்? (வாசகர், திருச்சி)

பதில்: உங்க காதுல கோளாறு எதுவும் இல்லைங்க. மெகா டிரைவ்ங்கிற அந்த பழைய வீடியோ கேம் மெஷினுக்குள்ள சத்தம் போடறது ரெண்டு சிப். ஒண்ணு யமஹாவோட ஒய்.எம்.2612, எஃப்.எம். சிப் (ரேடியோ இல்லைங்க, ஒரு அலையால இன்னொரு அலையை மாத்தி சத்தம் உண்டாக்குற முறை), 6 சேனல், பாஸ், பிராஸ், லீட் எல்லாம் அதுலதான், ஆறாவது சேனலை மட்டும் நிறைய கேம்ல டிரம் சாம்பிளுக்கு விட்டுடுவாங்க. இன்னொண்ணு பி.எஸ்.ஜி.ங்கிற எளிமையான பீப் சத்த சிப், 3 ஸ்கொயர் வேவ், ஒரு நாய்ஸ் சேனல். ஹை-ஹாட் மாதிரி சத்தம், எக்கோ, மேல ஓடுற சின்னச் சின்ன மெலடி இதெல்லாம் பெரும்பாலும் அங்க இருந்து வரும், நீங்க சொல்ற கீச்சும் அதுதான்.

இந்த ரெண்டும் எந்த அளவுல கலக்கணும்னு கேட்ரிட்ஜ்ல எழுதலைங்க. அது போர்டுல இருக்கிற ரெசிஸ்டர், ஆம்ப்ளிஃபயர் கையில இருக்கு, அந்த போர்டை சேகா அடிக்கடி மாத்திக்கிட்டே இருந்தாங்க. 1988ல ஜப்பான்ல வந்த மாடல் 1க்கும் 1993ல வந்த மாடல் 2க்கும் பேலன்ஸ் வேற, மாடல் 2க்குள்ளயே பல போர்டு இருக்கு, அதுல சிலது கேக்கவே பாவமா இருக்கும். எமுலேட்டர் எழுதுறவங்க இதுல ஏதோ ஒண்ணைப் பாத்து ஒரு நம்பர் வைக்கணும், அந்த நம்பர்தான் ஆளுக்கு ஆள் மாறுது.

என்னைக் கேட்டா ஒய்.எம்.2612 சிப் இருக்கிற மாடல் 1தான் அளவுகோல். 1991ல கம்போஸர் யுஸோ கோஷிரோ 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' மியூசிக் போட்டப்ப மாடல் 2 வரவே இல்லை. இன்னொரு காரணம், அந்த சிப்போட டி.ஏ.சி.யில (டிஜிட்டல் எண்ணை சத்த சிக்னலா மாத்துற பகுதி) ஒரு குறை இருக்கு, மெல்லிசான சத்தம் வரும்போது பூஜ்ஜியத்தைத் தாண்டுற இடத்துல ஒரு படி தாவும், அதனால நோட் அடங்கி முடியுற நேரத்துல ஒரு கரகரப்பு கேக்கும். பின்னாடி வந்த ஒய்.எம்.3438 வகையில அது ரொம்பவே குறைஞ்சிடுச்சு. சுத்தமா இருக்குன்னு சிலர் அதைத்தான் விரும்புறாங்க, ஆனா அன்னிக்கு வீட்ல கேம் ஆடுனவங்க கேட்டது அந்த கரகரப்போட இருந்த சத்தத்தை, அதை நாம துடைச்சு எடுக்கக்கூடாது.

கேள்வி: நெஜ மெஷின் கிடைச்சிருக்கு. எடுக்கும்போது எதை கவனிக்கணும்? (வாசகர், ஈரோடு)

பதில்: மாடல் 1ன்னா பின்னாடி இருக்கிற ஏ.வி. போர்ட்ல எடுக்காதீங்க, அது மோனோ. ஸ்டீரியோ வேணும்னா முன்னாடி ஹெட்ஃபோன் ஜாக்தான். அந்த கேம்லயே அதிகமா அலறுற பாட்டை முதல்ல போட்டு, அது கிளிப் ஆகாத (உச்சத்தைத் தாண்டி சிதையாத) அளவுக்கு லெவல் வச்சுட்டு அப்புறம் கடைசி வரைக்கும் ஸ்லைடரையும் கெயினையும் தொடாதீங்க. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா நார்மலைஸ் பண்றதுதான் எனக்கு மனசே ஆறாத விஷயம், டைட்டில் பாட்டு மெதுவா ஆரம்பிச்சு பெரிய வில்லனோட மோதுற பாஸ் ஃபைட்ல சத்தம் ஏறணும்னு கம்போஸர் கணக்கு பண்ணி வச்சிருப்பார், எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்துட்டா அந்த கணக்கே போச்சு. ஈக்வலைஸர் போட்டு ட்ரெபிளை ஏத்தவும் வேண்டாம், போர்டுல இருக்கிற லோ-பாஸ் ஃபில்டர் மேல் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கித்தான் வெளியே விடும், அதுவும் அந்த மெஷினோட குரல்ல சேர்ந்ததுதான். லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப வர்ற பகுதியை, ரெண்டு தடவை ஓட விட்டு அப்புறம் சத்தத்தை மெல்லக் குறைச்சு ஃபேட் பண்ணுங்க.

கேள்வி: ஐரோப்பா மெஷின்ல எடுத்தா பரவாயில்லையா? (வாசகர், மதுரை)

பதில்: பாத்து எடுங்க. அது 50 ஹெர்ட்ஸ், அதாவது டி.வி. படத்தை நொடிக்கு 50 தடவை மாத்தும், நிறைய கேம்ல பாட்டோட வேகமும் அதைப் பிடிச்சுத்தான் ஓடும். 60க்கு எழுதின கேமை அப்படியே ஓட விட்டா பாட்டு கிட்டத்தட்ட 17 சதவீதம் மெதுவாயிடும், 'சோனிக்' முதல் பாகத்துல அதுதான் ஆச்சு, ரெண்டாவது பாகத்துல மியூசிக் வேகத்தை மட்டும் சரி பண்ணிட்டாங்க. அதனால கேம் கேமா செக் பண்ணுங்க, இல்லைன்னா 60 ஹெர்ட்ஸ் ஜப்பான் மெஷின் தேடுங்க.