தம்பிக்கு வெல்டிங்: பட்டறையா, ஐ.டி.ஐ.யா?

பத்தாம் வகுப்பு முடித்த தம்பியைப் பாளையங்கோட்டைப் பட்டறையில் விடுவதா, ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஐ.டி.ஐ.யில் சேருங்கள். திருநெல்வேலி பேட்டையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

பட்டறையில் கை பழகும், உண்மைதான். ஆனால் 3.15 மி.மீ. வெல்டிங் ராடுக்கு ஏறத்தாழ 100 ஆம்பியர் ஏன் வைக்கிறோம், ஈரம்பட்ட ராடு ஏன் பற்றவைத்த இடத்தில் துளை விடுகிறது என்று அங்கே நிறுத்திச் சொல்லித்தர யாருக்கும் நேரமிருக்காது. கரண்டும் கையும் ஒத்துப்போனால் எண்ணெயில் வடகம் பொரிகிற சீரான சத்தம் கேட்கும். ஆறியபின் சுத்தியால் தட்டினால் பற்றவைத்த இடத்தின்மேல் படிந்த கசடு ஓடுபோலப் பெயர்ந்து விழும். அந்தச் சத்தத்தை அவன் காது அடையாளம் கண்டுவிட்டால் பாதித் தொழில் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முகமூடி இல்லாமல் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவிடாதீர்கள். வெறுங்கண்ணால் வெல்டிங் ஒளியைப் பார்த்தால் பகலில் வலி ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். வெறும் கூலிங் கிளாஸ் போதாது, முகமூடியில் 10 அல்லது 11 எண் கருப்புக் கண்ணாடி வேண்டும்.

விடுமுறையில் கேட், கிரில் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். அளவெடுத்து வெட்டவும் மூலைமட்டம் பிடிக்கவும் அங்கேதான் வரும்.